காலி இடம் பொறுக்காத மதினி

அந்த அஞ்சலட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. முத்திரையில் நாளும் மாதமும் மழையில் கரைந்துவிட்டன; 87 என்ற ஆண்டு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. சின்னமனூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தபோது மதினி எழுதியது. செய்தி இவ்வளவுதான்: "தம்பி, பெங்களூரிலிருந்து புது போர்டு வந்துவிட்டது. சனிக்கிழமை ஜீப்பில் முன்சீட்டு போட்டு வைக்கவும். மடியில் வைத்துத்தான் மேலே கொண்டுபோக வேண்டும்."

இது அட்டையில் கால்வாசி இடம்கூடப் பிடிக்கவில்லை. மீதி முக்கால்வாசியிலும் எண்கள். ஓரத்தில் குறுக்காக, முகவரிக்கு மேலே தலைகீழாக, தபால்தலையைச் சுற்றிக்கூட. எனக்கு ஏதோ சங்கேதம் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து நேரில் கேட்டேன்.

"அது உங்களுக்கு இல்ல தம்பி. பஸ்சுக்குக் காத்திருந்தேன். அட்டையில இடம் சும்மா கெடந்துச்சு. என் கணக்கைப் போட்டுப் பாத்தேன்."

"போட்டுப் பாத்த கணக்க எனக்கு அனுப்பிட்டா, உங்களுக்கு வேணாமா?"

"மனசுல இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் எந்த நாற்காலியிலும் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போடியில் ஏலக்காய் கமிஷன் கடை ஒன்றில் அப்போது நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடையும், போடிமெட்டுக்கு மேலே இருந்த தோட்டமும் ஒரே குடும்பத்துடையவை. முதலாளியைப் பெரியவர் என்போம். அவர் மகன் கடையில் அனைவருக்கும் அண்ணன். அண்ணன் மனைவி ஆகவே மதினி. கோயம்புத்தூரில் பொறியியல் படித்து, பெங்களூரில் கணிப்பொறி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். கல்யாணச் சீரோடு ஒரு தகரப் பெட்டியும் வந்திறங்கியது. அதற்குள் பாத்திரம் என்று நினைத்துத் தூக்கிய ஆள், மூடியைத் திறந்து பச்சை நிறப் பலகைகளைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன ஆத்தா வேகும்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

மதினியை நினைக்கும்போது முதலில் வருவது ஜீப்பு ஸ்டாண்டுதான். காலையில் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறிக்கொண்டிருப்பார்கள். ராசு என்ற டிரைவர்தான் எங்கள் தோட்டத்துக்கு வழக்கமாக வண்டி ஓட்டுவார். மதினி வந்துவிட்டால் ஜீப்பு அவர் பொறுப்பு.

"ஏம்மா, அந்தச் சட்டிய மடியில வையி. பெரியப்பு, காலைக் குறுக்கிப் போடுங்க. இங்க பாருங்க, இன்னும் ஒரு ஆளு தாராளமா உக்காரலாம்."

"மதினி, நான் டிரைவரு" என்பார் ராசு. "ஸ்டீரிங்கத் திருப்ப எனக்கு எடம் வேணும்ல?"

"கை திருப்ப எடம் இருக்குண்ணே. முட்டிய எதுக்கு விரிச்சு வச்சிருக்கீங்க?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுப்பாள்: "ஏலக்கா மூட்டைகூடக் கொஞ்சம் மூச்சு விடும். இந்த மகராசி நம்மள விடமாட்டேங்குது!" ஜீப்பே சிரிக்கும். மதினியும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கு நடுவில் ஒரு கூடையைச் செருகிவிடுவார்.

பந்தியில் இலை போட்டால் நடுவில் ஓர் இலைக்கு இடம் கண்டுபிடிப்பார். கடையில் மூட்டை அடுக்குகளைக் கலைத்து மறுபடி அடுக்கச் செய்து, மிச்சமான மூலையைப் பெருமையாகக் காட்டுவார். அடுத்த வாரம் அந்த மூலையிலும் ஏதாவது நிற்கும். பேச்சில் ஓர் இடைவெளி விழுந்தால் "அடுத்தது?" என்பார். கடையில் பேச்சு ஓய்வதற்கே நாங்கள் பயந்தோம்.

தகரப் பெட்டியில் வந்தவற்றை அவர் ஒரு வருடம்போலப் பூட்டி வைத்திருந்தார். பிறகு ஒருநாள் கடை மேசையில் பரப்பிக் கணிப்பொறியாக இணைத்தார். அதற்குள் ஓடும் அடிப்படை நிரலையும் அவரே எழுதினார். பெட்டியில் செருகிய ஒவ்வொரு பச்சைப் பலகைக்கும், அதாவது போர்டுக்கும், இடம் ஒதுக்கி, முறை வைத்து வேலை வாங்குகிற நிரல். அவர் அதைக் கெர்னல் என்பார். ஏலக்காய் மாதிரிப் பொட்டலம் சுற்றிவரும் காகிதங்களின் பின்பக்கத்தில்தான் அதை எழுதினார். ஒரு வரிக்கும் மறு வரிக்கும் நடுவே எறும்பு போக வழி இருக்காது.

பெரியவர் ஒருநாள் மேசைக்கு வந்து நின்று, என்னைக் காட்டிக் கேட்டார்.

"உள்ள பஸ்சு ஓடுதுன்னு இவன்கிட்டச் சொன்னியாமே. எந்த ரூட்டு?"

"அது கம்பி வரிசை மாமா. அதைத்தான் பஸ்னு சொல்றது. எல்லா போர்டும் அந்தக் கம்பியிலதான் தொங்குது. ஒவ்வொண்ணுக்கும் கதவு நம்பர் உண்டு. நம்பரச் சொல்லிக் கூப்பிட்டா அந்த போர்டு மட்டும் பதில் சொல்லும்."

"பதில் சொல்லி?"

"ஸ்டோர்ல எவ்வளவு சூடுன்னு சொல்லும். ரெண்டு அறைக்கும்."

ஸ்டோர் என்பது பறித்த பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பு, அதில் எரியும் விறகின் சூடு தகரக் குழாய் வழியே அறைக்குள் ஓடும். எங்கள் ஸ்டோரில் மேல் அறை, கீழ் அறை என்று இரண்டு, அடுப்பும் இரண்டு. சூடு குறைந்தால் காய் ஈரத்தில் புழுங்கும். கூடினால் பச்சை நிறம் போய்ப் பழுத்து வெடிக்கும். நிறம் போன காயை ஏலத்தில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிடுவார்கள்.

பெரியவர் திரையைக் குனிந்து பார்த்தார். "சரி. இந்த ஒரு சீசன் வச்சுப் பாரு. சரி வரலைன்னா பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்டுறணும்."

அந்த ஒரு சீசனுக்காக மதினி பட்ட பரபரப்பைச் சொல்லி முடியாது. கணிப்பொறியை ஸ்டோருக்கே கொண்டுபோய் வைத்து, மெட்டுக்கும் போடிக்கும் நாள் தவறாமல் போய்வந்தார். ஒவ்வோர் அறையிலும் நான்கு மூலைக்கு, சூட்டை அளக்கும் நான்கு வெப்ப முனைகள். எட்டையும் ஒரு போர்டு படித்துத் திரையில் காட்டும். கரண்டு போனால் ஜெனரேட்டர். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அடுப்பில் நின்றவர் சுருளி அண்ணன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. போடிக்கு அபூர்வமாகவே இறங்குவார். இடது புறங்கையில் பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. பல ஸ்டோர்களில் நின்றவர். இந்தத் தொழிலில் கையெழுத்தோ சான்றிதழோ கிடையாது. இவர் அடுப்பில் நின்றால் காய் பச்சையாக வரும் என்று ஜீப்புக்கு ஜீப்பு சொல்லிக்கொள்வார்கள், அதுதான் சான்றிதழ். ஒரு லோடு கருகினால் அந்தச் சேதியும் அதே ஜீப்பில்தான் போகும்.

அவர் அவ்வப்போது கதவைத் திறந்து உள்ளே போய்க் காயைப் பார்ப்பது வழக்கம். மதினி அதை நிறுத்தச் சொன்னார்.

"கதவத் தொறந்தா சூடு வெளியேறுது அண்ணே. கணக்கு மாறுது. திரையப் பாருங்க, போதும்."

"சரி ஆத்தா. சூடு ஒன் பொறுப்பு, வெறகு என் பொறுப்பு" என்று சிரித்தார் அவர். திரையில் மேல், கீழ் என்று பெரிய எழுத்து. எண் குறைந்தால் விறகு, கூடினால் எரிகிற விறகை வெளியே இழுத்துவிடுவது. அவர் அதைத் தட்டாமல் செய்தார்.

அஞ்சலட்டையில் சொன்ன புது போர்டு வந்தது இந்தச் சமயத்தில்தான். எடை போடுவதற்கானது. உலர்ந்த காயைத் தராசில் வைத்தால் எடை நேரே திரையில் வரும். முன்சீட்டில் மடியில் வைத்துக் கொண்டுபோய், பெட்டியின் முதல் இடுக்கில் செருகி, கெர்னலை மறுபடி ஓடவிட்டார். எடை கொஞ்சம் தடுமாறியது. தராசு பழசு என்று அனைவரும் சொன்னோம். வெப்ப முனைகள் எட்டும் எண் காட்டின. எட்டும் காட்டுகின்றனவா என்றுதான் அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

அடுத்த உலர்த்தலில் மேல் அறைக் காய் முழுக்கப் பழுப்பாகி வெடித்தது. கீழ் அறைக் காய் ஈரம் போகாமல் நசநசவென்று நாறியது. பெரியவர் மெட்டுக்கு ஏறினார். மதினியும் அண்ணனும் நானும் உடன் போனோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டோர் வாசலில் தட்டுத் தட்டாகக் காய் கொட்டிக் கிடந்தது. மதினி ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார்.

"தூங்கிட்டியாடா?" என்று சுருளி அண்ணனைக் கேட்டார் பெரியவர்.

"இல்லைங்க. மெசினு சொன்னதத்தான் செஞ்சேன். மேல சூடு கம்மின்னு காட்டுச்சு, வெறகு வச்சேன். வைக்க வைக்கக் கம்மின்னே காட்டுச்சு."

பெரியவர் மதினியைப் பார்த்தார். மதினி உள்ளே போய்த் திரையைப் பார்த்தார். எட்டு எண்களும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு அடுப்பும் அணைந்து, அறைகள் ஆறிப்போயிருந்த நேரம் அது. மேலுக்கும் கீழுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வெளியே வந்து சொன்னார்: "மெசின் சரியா இருக்கு மாமா. அது பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா, ஆத்தா?"

மதினி குனிந்து ஒரு தட்டைக் கிளறினார். சுருளி அண்ணன் யார் முகத்தையும் மறுபடி பார்க்காமல் உள்ளே போய்ப் படுக்கையைச் சுருட்டினார். அன்றே மெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் நடந்துவிட்டார். "இனி எந்த ஸ்டோர்க்காரன் இவன உள்ள விடுவான்?" என்றார் பெரியவர், யாரிடம் என்றில்லாமல்.

மதினி கணிப்பொறியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். சில நாட்கள் அதன் முன்னால் எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். 'அடுத்தது?' என்ற சொல்லே வாயில் வரவில்லை. ஒரு முற்பகலில் எனக்கு டீ வந்தது. நான் குடிக்குமுன் கிளாசை எடுத்து, ஒரு வெப்ப முனையை அதற்குள் விட்டார். முனையில் கீழ் என்று சீட்டு ஒட்டியிருந்தது. திரையில் கீழ் அறையின் எண் அசையவில்லை. மேல் அறையின் எண் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.

மதினி உட்கார்ந்தார். முழு நாற்காலியிலும்.

"தம்பி, ரெண்டு அறையும் மாறிக் கெடந்திருக்கு" என்றார். "மேல் அறை வெந்துக்கிட்டு இருக்கையில, அது குளுந்து கெடக்குன்னு அவர்கிட்டச் சொல்லியிருக்கேன்."

எப்படி என்று கேட்டேன். மேசையிலிருந்த மாதிரித் தட்டில் கையைவிட்டு ஏலக்காயை அள்ளினார். எட்டு எட்டாக இரண்டு வரிசை வைத்தார்.

"தோட்டத்துல ஆளுகளுக்கு வரிசையாக் கட்டின லயன் வீடு பாத்திருக்கீங்கள்ல? லயனுக்கு எட்டுக் கதவுன்னு வச்சுக்கங்க. இந்த வெப்ப போர்டுக்கு எத்தனாவது கதவுன்னு மட்டும்தான் காதுல விழும். பக்கத்துப் பக்கத்து லயனா இருந்தா, எந்த லயன்னு பிரிச்சுக் கேக்கத் தெரியாது. அதுக்கு எட்டுக் கதவு வேணும்; மொத நாலு கீழ் அறை, அடுத்த நாலு மேல் அறை. அந்த எட்டும் ஒரே லயன்ல மொதக் கதவுலருந்து இருந்தாத் தப்பே வராது. முன்ன அப்படித்தான் இருந்துச்சு."

முதல் வரிசையின் முதல் நான்கு காய்களை விரலால் தனியே தள்ளினார்.

"எடை போர்டு வந்து இந்த நாலப் புடிச்சுக்கிருச்சு. என் கெர்னல் என்ன செஞ்சுச்சு? ஒட்டினாப்புல அஞ்சாவது கதவுலருந்து வெப்ப போர்டுக்கு எடம் குடுத்துருச்சு. என் கணக்குல கீழ் அறை நாலும் இந்த லயன்ல, மேல் அறை நாலும் அடுத்த லயன்ல. கீழ் அறைன்னு நெனச்சு அஞ்சாவது கதவத் தட்டுறேன்; அவனுக்கு அது மேல் அறைக் கதவு. மேல் அறைன்னு அடுத்த லயன்ல மொதக் கதவத் தட்டுறேன்; அவன் காதுல மொதக் கதவுன்னு மட்டும் விழுது, கீழ் அறையத் தொறந்து காட்டுறான். எடை தடுமாறுனதும் இதுனாலதான். ஒரே கதவத் தட்டினா ரெண்டு பேரும் பதில் சொல்லியிருக்கானுக."

"எட்டுக் கதவுக்காரனை ரெண்டாவது லயன் மொதக் கதவுலயே வச்சிருக்கலாம்ல மதினி? எடைக்காரனைத் தள்ளி எங்கயாவது வச்சிருக்கலாம்ல?"

"வச்சிருக்கலாம். எது எவ்வளவு பெருசோ, அந்த அளவோட மடங்குலதான் அது ஆரம்பிக்கணும். காலேஜ்லயே சொல்லிக் குடுத்தாங்க." தள்ளிய நான்கு காய்களையும் எடுத்துத் தட்டில் போட்டார். "அப்படிச் செஞ்சா நடுவுல கதவுக சும்மா கெடக்குமே தம்பி. எனக்கு மனசு வரல."

நிரலில் திருத்தம் ஒரே வரிதான். எனக்கு எதிரிலேயே எழுதினார். எடை போர்டைத் தூரத்தில் வைத்தார். நடுவே காலியாகக் கிடந்த இடத்தை நிரப்பாமல் விட்டார். டீயில் முனையை மறுபடி விட்டபோது கீழ் என்ற எண் ஏறியது. டீ ஆறிப்போயிருந்ததால் கொஞ்சமாகத்தான் ஏறியது.

பெரியவரிடம் அன்றைக்கே சொன்னார். நானும் அண்ணனும் பக்கத்தில் இருந்தோம்.

"சுருளி அண்ணன் மேல தப்பில்ல மாமா. தப்பு என்னோடது. ஆள் விட்டுக் கூப்பிடணும்."

பெரியவர் வெற்றிலையை மடித்தார். "தெரிஞ்சது நாலு பேருக்கு. நாலு பேரோட இருக்கட்டும்."

"அவருக்கு எங்கயும் வேலை குடுக்க மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்காக, எங்க வீட்டு மருமக ஒரு லோடு காயக் கருக்கிட்டான்னு மெட்டு முழுக்கப் பேசணுமா? நாளைக்கு என் காய எவன் எடுப்பான்? நீ வாயத் தொறந்தா, அந்தப் பெட்டி பரணுக்குப் போகும். தொறக்கலைன்னா அடுத்த சீசனுக்கும் வச்சுக்க. யோசிச்சுக்க."

அண்ணன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி கடைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏதாவது சொல்லுங்கள் என்று அண்ணனை இடிக்கலாமா என்றிருந்தது. அதற்குள் மதினி வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஜீப்பு ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஆட்களை நெருக்கி உட்காரவைக்கவில்லை. ஒவ்வொரு ஜீப்பாகப் போய் டிரைவர் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்:

"அண்ணே, எங்க ஸ்டோர்ல காய் கருகுச்சுல்ல, அது சுருளி அண்ணன் செஞ்சது இல்ல. நான் மெசினைத் தப்பா வச்சேன். அவர் மெசின நம்பினாரு. மேல போய் ஸ்டோருக்கு ஸ்டோர் சொல்லுங்க."

"மதினி, ஒங்க மாமனாருக்குத் தெரியுமா?" என்று ராசு மெல்லக் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிரும். நீங்க வெரசாக் கெளம்புங்க."

தெரிந்தது. பெட்டி பரணுக்குப் போனது. ஏணியில் நின்று வாங்கி வைத்தது நான்தான். மதினி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் ஸ்டாண்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. முதலில் மரியாதையாகக் கேட்டவர்கள் பிறகு கிண்டல் செய்தார்கள். "மதினி, நேத்தே சொல்லியாச்சு, இன்னைக்குப் புதுசா ஏதாச்சும் கருகிருச்சா?" என்று ஒருவன் கேட்டான். "நேத்து நீ வந்த, இன்னைக்கு உன் வண்டியில வேற ஆளுக இருக்காங்கள்ல, அவங்க கேக்கட்டும்" என்றார். குரங்கணிப் பக்கம் போகிற வண்டிகளையும் விடவில்லை. அந்தப் பாதைக்கும் சுருளி அண்ணனுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "ஆள் எங்க போவாருன்னு நமக்குத் தெரியுமா?" என்றார்.

சீசன் முடியும் தறுவாயில் ராசு ஒரு சேதி கொண்டுவந்தார். மெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்கு லோடு ஏற்றப் போனாராம். அங்கே ஸ்டோர் அடுப்பில் ஒருவர் குனிந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தாராம். ராசு வழக்கம்போலச் சேதியைச் சொல்லியிருக்கிறார்.

"கேட்டுக்கிட்டே இருந்தாரு மதினி. 'அந்தப் புள்ளயா நின்னு சொல்லுது?'ன்னாரு. ஆமா, தெனமும் நிக்கிதுன்னேன். வெறகத் தள்ளினாரு. அப்பறம், 'மாமனாரு திட்டலையா?'ன்னு கேட்டாரு."

"கையில தழும்பு இருந்துச்சா? இடது கையில?"

"பொகை மதினி. கையே தெரியல. நான் அந்த ஆள முன்னப் பின்னப் பாத்ததும் இல்ல. நம்ம தோட்டத்துக்கு ஓட்டினாலும் ஸ்டோர்ப் பக்கம் எனக்குச் சோலி இல்லையே."

"பேரு கேட்டீங்களா?"

"கேக்கத் தோணலையே."

மதினி ஜீப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ராசு வண்டியைக் கிளப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அண்ணனும் மதினியும் பெங்களூருக்குக் குடிபோனார்கள். பெட்டியையும் எடுத்துப் போனார்களா என்று சரியாக நினைவில்லை. நான் கடையைவிட்டு நின்ற பிறகு, மெட்டுக்கு அப்பால் விசாரிக்க முடிந்த ஸ்டோர்களில் எல்லாம் விசாரித்தேன். சுருளி என்ற பெயரைக் கேட்டு வேலை கொடுக்க மறுத்ததாக யாரும் சொல்லவில்லை. கொடுத்ததாகவும் யாரும் சொல்லவில்லை. ராசு பார்த்த மனிதர் அவர்தானா என்பது இதை எழுதும்வரை எனக்கு உறுதியாகவில்லை.